ஆவுடைமேட்டிலிருந்து ஒன்பது நிமிடம்

ஒன்பது நிமிடம். காலையில் பல் துலக்கும்போதே அந்த எண் சபாபதியின் வாயில் வந்து ஒட்டிக்கொண்டது. துப்பியும் போகவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபோதும், நிறுத்தத்தில் இறங்கித் தண்ணீர் லாரி சிந்தியிருந்த சேற்றைத் தாண்டியபோதும், இதோ இப்போது முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் கைபேசியோடு நிற்கும்போதும் அது கூடவே இருந்தது. ஆவுடைமேட்டிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தால் ஒன்பது நிமிடம். அப்படித்தான் சொன்னது இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் போட்ட வரைபடம். நகரத்தில் எந்தக் குடியிருப்புக்கு எந்த ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், புதிதாக எங்கே கட்ட வேண்டும் என்று காட்டுவதற்காகப் போட்டது. கால்மணிக்குள் நடந்து போக முடிந்தால் பச்சை, அரைமணி என்றால் மஞ்சள், அதற்கு மேலே சிவப்பு. சிவப்பு விழுந்த இடத்துக்குக் கட்டிடம் வரும். ஆவுடைமேடு பச்சை. வேப்பிலையை அரைத்து அப்பியது மாதிரி நல்ல பச்சை. இப்போது அந்த வரைபடத்தைச் சரிபார்க்க நாற்பது இடங்களைக் குலுக்கிப் போட்டு எடுத்து, நேரில் நடந்து நேரம் குறித்து வரச் சொல்லியிருந்தார்கள். பட்டியலில் ஆவுடைமேடு வந்ததும் "அது என் வீட்டுப் பக்கம் சார், நான் போறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டவன் அவன்தான். வீட்டுப் பக்கமெல்லாம் இல்லை. இரண்டு பஸ் மாற வேண்டும். வேறு யாராவது போவதற்குள் தான் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பார்த்து? பார்த்து என்ன செய்ய? அந்த இடத்துக்கு வந்ததும் எண்ணம் ஒவ்வொரு முறையும் கால் தடுக்கி நின்றது. பிறகு மறுபடி முதலிலிருந்து, ஒன்பது நிமிடம், பச்சை, இரண்டு பஸ்.

தோள்பையில் ஒரு கடிதத்தின் நகல் இருந்தது. ஆவுடைமேட்டு மக்கள் கொடுத்த மனு. கால்வாய்க்குக் குறுக்கே பாலம் இல்லை, எங்களுக்கு ஆஸ்பத்திரி வேண்டும், கீழே நூற்றிப்பன்னிரண்டு கையெழுத்து, அதில் பாதி கைநாட்டு. நடுவில் ஒரு வரி: மோகனா, வயது இருபத்திமூன்று, எட்டு மாதக் கர்ப்பிணி, காலதாமதத்தால் இறந்துபோனார். அந்த வரியை நாலு தரம் படித்துவிட்டு அது உட்பக்கம் போகிற மாதிரி மடித்து வைத்திருந்தான். கதவு திறந்து, ஐம்பது வயசுப் பெண்மணி ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். ஜெகதாம்பாள். புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகிறவர்களில் ஒருவரோடு கூட நடந்துபோங்கள், அப்போதுதான் உண்மையான நேரம் தெரியும் என்று சொல்லி வட்டார நர்ஸ் கொடுத்த பெயர் அது. "நீங்கதான் நடக்கறதை அளக்க வந்த சாரா?" என்றாள். "ஆமாம்மா. நீங்க எப்பவும் எப்படிப் போவீங்களோ அப்படியே போங்க. நான் பின்னாலயே வரேன்." "நாலு வருசமா மனு குடுத்தோம். இப்பத்தான் ஒரு ஆளு வந்துகிறீங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். திட்டுகிற குரல் இல்லை, ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டது என்று சொல்வது போன்ற குரல். திட்டியிருந்தால் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். கைபேசியில் பொத்தானை அழுத்தினான். நொடிகள் ஓட ஆரம்பித்தன.

சந்து இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். மீன் கழுவிய தண்ணீர், எங்கோ தாளித்த வெங்காயம், ஒரு ஜன்னலுக்குள்ளிருந்து யாரோ இருமுகிற சத்தம். இந்தச் சந்தைக்கூட அவன் வரைந்திருக்கிறான். திரையில் இது ஒரு சாம்பல் கீற்று, கூரைகளுக்கு நடுவே தலைவகிடு மாதிரி. வரைந்த அன்றைக்குப் பல்வலி. கீழ்க்கடைவாய்ப் பல். கிராம்புத் தைலத்தில் நனைத்த பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் இருநூறு வார்டும் முடிய வேண்டும் என்று மேலதிகாரி நரசிம்மன் சார் அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். செயற்கைக்கோள் படம், மேலேயிருந்து பார்க்கிற ஊர், ஆளே இல்லாத ஊர். வழியாகத் தெரிகிறதன் மேலெல்லாம் கோடு போட வேண்டும், கோட்டை வைத்து எந்திரம் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். கால்வாய் வந்தது. கறுப்பாக, எண்ணெய் பூசிய பாம்பு மாதிரி. அதற்குக் குறுக்கே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நேராக ஒரு வெளிர் கோடு, பக்கத்திலேயே தண்ணீரில் அதன் நிழல். நிழல் விழுகிறது என்றால் உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் இருந்தால் பாலம். கோட்டைப் போட்டான். கோடு இரண்டு கரையையும் தொட்டதும் ஆவுடைமேடு முழுவதும் ஒரே நொடியில் பச்சையானது. அழகாகக்கூட இருந்தது. தன் கையால் ஒரு ஊருக்கே நல்லது செய்துவிட்ட மாதிரி. பல்வலி கொஞ்சம் விட்டிருந்தது. சந்தேகம் வந்ததா? அதுதான் கேள்வி. இரண்டு நாளாக அதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறான். வந்ததா, வரவில்லையா. வரவில்லை என்றால் அது பிழை. பிழை யாருக்கும் வரும், இருநூறு வார்டு, பல்வலி, ஒரு ஆள். வந்திருந்தது என்றால் அதன் பெயர் வேறு. அந்த வேறு பெயரைத் தேடப் போகும்போதெல்லாம் மனசு கிராம்புத் தைல வாசனையைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிடுகிறது.

சந்து முடிந்த இடத்தில் ஜெகதாம்பாள் நின்றாள். "சார், இப்படிப் போனா ரோடு. ரயில்வே கேட்டு சுத்திகினு போவணும், முக்கா மணி, ஒரு மணி ஆவும். இப்படிப் போனா பைப்பு. நாங்க பைப்புலதான் போவோம். நீங்க எப்படி?" பைப்பு. ஒரே சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டது. தெரிந்ததுதான். மனுவைப் படித்த அன்றைக்கே அந்தப் பழைய படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் ஒருத்தர் வாயால் கேட்கும்போது காது அடைத்தது. "நீங்க போற வழியிலயே வரேன்மா." அவள் தோளில் கிடந்த பழைய சேலைத் துண்டால் குழந்தையை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டே பேசினாள். "எம் மருமவளும் அஞ்சு மாசம் வரைக்கும் இதுலதான் போய் வந்துகினு இருந்தா. அப்பால வயிறு பெருசாச்சு, கால் எங்க வைக்கறோம்னே தெரியல அத்தேன்னா. ரோட்டு வழியாப் போறதுன்னா ஒரு நாள் பொழைப்பு போயிடும். அடுத்த வாரம் போலாம், அடுத்த வாரம் போலாம்னு ரெண்டு மாசம் பிரசர் பாக்காமயே வுட்டுட்டோம். ஒரு நா காத்தால பத்து மணி இருக்கும், துணி தொவச்சுகினு இருந்தவ அப்படியே வலிப்பு வந்து இழுத்துகினு வுழுந்தா." சபாபதி கேட்காமல் இருந்திருக்கலாம். வாய் கேட்டுவிட்டது. "பேரு என்னம்மா?" "மோகனா. இது அவ கொயந்ததான்." முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். "ஆட்டோ ஒண்ணும் கிடைக்கல. எம் மவன் டில்லிபாபு அவளைத் தோள்மேல போட்டுகினு பைப்புல ஏறிட்டான். நடுவுல போறப்போ மறுபடியும் இழுப்பு வந்துடுச்சு. இவன் உக்காந்துட்டான். அவளைக் கட்டிப் புடிச்சுகினு, முன்னாலயும் போவாம, பின்னாலயும் வராம. எவ்ளோ நேரம்னு தெரியல. அப்பால அந்தாண்டயிலேர்ந்து ரெண்டு பேரு வந்து அவ காலப் புடிச்சுத் தூக்கிகினு போனாங்க. பெரியாஸ்பத்திரியில கொயந்தயத்தான் எடுக்க முடிஞ்சுது." பிறகு, நினைவு வந்தவள் போல, "செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கங்க சார். வழுக்கும்" என்றாள்.

கால்வாய்க்குக் குறுக்கே போகும் தண்ணீர்க் குழாய் அவன் நினைத்ததைவிடப் பெரியது, ஆனால் நடப்பதற்கு நினைத்ததைவிடச் சின்னது. இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன், துருவும் தாரும் கலந்த நிறம், வளைந்த முதுகில் ஆள் நடந்து நடந்து ஒரு பட்டை மட்டும் வழவழவென்று மின்னியது. ஆள் ஏறக்கூடாது என்று முனையில் இரும்பு ஈட்டிகளை விசிறி மாதிரி வைத்திருந்தார்கள். அதில் மூன்றை யாரோ வளைத்து, மற்றதன் முனைகளில் துணி சுற்றியிருந்தார்கள். ஜெகதாம்பாள் அதற்குள் தன்னை ஒருக்களித்து நுழைத்துக்கொண்டு ஏறி, பார்வையை நேராக வைத்து நடந்தாள். குழந்தை அவள் தோளுக்கு மேலே சபாபதியைப் பார்த்தது. அவன் வீட்டில் ட்யூப் லைட் மாற்ற ஸ்டூலில் ஏறுவதற்குக்கூட மனைவிதான். ஏறினான். முதல் நாலு அடி நின்றபடி நடந்தான், பிறகு குனிந்தான், பிறகு வெட்கத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து நகர்ந்தான். இரும்பின் சூடு பேன்ட் வழியாகத் தொடையில் ஏறியது. கீழே பார்க்காதே. கீழே பார்த்தான். கறுத்த நீர், அதில் ஒரு தெர்மகோல் பெட்டி, குழாயின் நிழல், நிழலின் மேல் ஒரு பொட்டாக அவன் நிழல். மேலேயிருந்து யாராவது இப்போது படம் எடுத்தால் இந்தப் பொட்டு தெரியுமா? தெரியாது. அப்படிப் படம் பிடித்த நாளிலும் இதன் மேல் யாராவது போய்க்கொண்டிருந்திருப்பார்கள், மோகனாகூட இருந்திருக்கலாம், அவனுக்குத் தெரியவில்லை. தெரிகிற அளவுக்கு அவன் பெரிதாக்கவில்லை. இல்லை. இல்லை, பெரிதாக்கினான். இதோ, இப்போது வருகிறது, கிராம்பு வாசனைக்குப் பின்னாலிருந்து வருகிறது. ஒரு தரம் பெரிதாக்கினான். கோடு மிக ஒல்லியாக இருந்தது. மற்றப் பாலங்களெல்லாம் கட்டைவிரல் அகலம் தெரிய, இது நூல் மாதிரி இருந்தது. என்ன இவ்வளவு ஒல்லியாக என்று நினைத்தான், அந்த வார்த்தைகளிலேயே நினைத்தான், உதடுகூட அசைந்திருக்கலாம். நரசிம்மன் சாரின் செருப்புச் சத்தம் வாசல் பக்கமிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. மறுபடி சின்னதாக்கினான். சின்னதாக்கியதும் அது பாலமாகிவிட்டது. மூன்று நொடி. வந்தது. சந்தேகம் வந்தது. அவன் கைகள் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டன. நகர முடியவில்லை. "இன்னா சார், நின்னுட்டீங்க?" எதிர்க்கரையிலிருந்து குரல் வந்தது. "அங்கதான் எம் மவனும் நின்னான். அங்க நிக்காதீங்க. வாங்க. என்னையப் பாத்துகினே வாங்க."

எப்படி வந்து சேர்ந்தான் என்பது அவனுக்குச் சரியாக நினைவில்லை. கால் மண்ணில் பட்டது, முழங்கை சிராய்த்திருந்தது, செருப்பில் ஒன்று தண்ணீரில் போயிருந்தது. மற்றதையும் கரையிலேயே விட்டுவிட்டான். அப்புறம் ஒரு சின்னத் தெரு, ஒரு அரசமரம், நீல வர்ணக் கட்டிடம். வாசலில் கர்ப்பிணிகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், மஞ்சள் அட்டையை விசிறியாக்கி வீசிக்கொண்டு. ஜெகதாம்பாள் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் கைபேசியைப் பார்த்தான். பதினோரு நிமிடம். பதினோரு நிமிடம் இருபது நொடி. நடுவில் அவன் நின்றதைக் கழித்தால் ஒன்பது. வரைபடம் பொய் சொல்லவில்லை. திரை கேட்டது: இவ்வழி நடக்கத் தக்கதா? ஆம். இல்லை. இரண்டு பொத்தானும் ஒரே அளவு, ஒரே நிறம். ஆம் என்று அழுத்தினால் ஆவுடைமேடு பச்சையாகவே கிடக்கும், நடந்து பார்த்தேன் சார், பதினோரு நிமிடம்தான் என்று சொல்லிவிடலாம், அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. இல்லை என்றால் பழைய கோப்பைத் திறப்பார்கள், ஒவ்வொரு கோட்டுக்கும் அதைப் போட்டவன் பெயர் உள்ளே இருக்கிறது. பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் ஆவுடைமேடுதானா, எந்த வழியாக வந்தாள், எத்தனையாவது மாசம். இல்லை என்பதை அழுத்தினான். காரணம் கேட்டது. சாலைப் பணி, வெள்ளம், அடைப்பு என்று ஒரு பட்டியல். எதுவும் பொருந்தவில்லை. 'மற்றவை' என்பதில் 'பாலம் இல்லை, எப்போதும் இருந்ததில்லை' என்று எழுதினான். உடனே உடம்பு லேசானது. அந்த லேசு அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு பொத்தான். இவ்வளவுதானா? இவ்வளவில் தீர்ந்துவிடுமா?

"அம்மா" என்றான். ஜெகதாம்பாள் திரும்பினாள். குழந்தைக்கு ஊசி போட்டாகிவிட்டது, கையில் ஒன்று, தொடையில் ஒன்று. அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தது. அரைமணி உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். "நீங்க மனு குடுத்தப்ப, ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?" "கம்ப்யூட்டர்ல காட்டுனாங்க. பாலந்தான் இருக்கேம்மா, இதோ கோடு போவுது பாருன்னாங்க. தெனம் ஏறி எறங்கறவ நான், எனக்குத் தெரியாத பாலமான்னு கேட்டேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மான்னாங்க." "அந்தக் கோட்டைப் போட்டது நான்தாம்மா." சொல்லிவிட்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பாதங்களைப் பார்த்தாள், செருப்பில்லாத, தார் ஒட்டிய பாதங்களை. "வந்து பாத்துட்டுப் போட்டீங்களா?" "இல்லம்மா. மேலேர்ந்து எடுத்த படத்தைப் பாத்து." "பைப்புன்னு தெரியலையா?" இங்கேதான் அவன் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் திறந்தது. "சந்தேகம் வந்துச்சும்மா. விட்டுட்டேன்." உள்ளேயிருந்து யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். முப்பத்தேழு, முப்பத்தேழு. ஜெகதாம்பாள் குழந்தையின் தொடையில் ஊசி குத்திய இடத்தைச் சுற்றி மெல்லத் தடவிக்கொண்டே இருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்று நினைத்தான். "எம் மவன்கிட்ட வந்து சொல்லணும் நீங்க" என்றாள். "பெரியாஸ்பத்திரியில ஒரு டாக்டரு, கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமேன்னு சொல்லிட்டாரு. அன்னியிலேர்ந்து தான் நடுவுல உக்காந்ததாலதான் அவ செத்துட்டான்னு நினைச்சுகினு கீறான். வேலைக்கும் சரியாப் போறதில்ல. பேசறதும் இல்ல. நீங்க சொல்லுங்க, தப்பு உன்னுது இல்லன்னு. சொல்வீங்களா?" "சொல்றேம்மா."

திரும்புவது ரோட்டு வழியாக. ஊசி போட்ட பிள்ளை உடம்பை முறுக்கும், குழாயில் முடியாது என்றாள். சுடுகிற தாரில் வெறுங்காலோடு அவன் பின்னால் நடந்தான். சிமென்ட் கிடங்குச் சுவர், அது முடிந்ததும் இன்னொரு சுவர், ரயில்வே கேட், கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு சரக்கு ரயில் முழுவதும் போகிற வரைக்கும் காத்திருந்தது, பெட்டிகளை எண்ண ஆரம்பித்து எண்ண முடியாமல் விட்டது. குழந்தையின் நெற்றி சுட ஆரம்பித்திருந்தது. நான் கொஞ்சம் தூக்கி வரட்டுமா என்று கேட்டான். அவள் கொடுக்கவில்லை. நேரம் ஐம்பத்தாறு நிமிடம். இதை ஒரு கர்ப்பிணி, வெயிலில், வாரா வாரம். மனசுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வந்தான், டில்லிபாபு, உங்க மேல தப்பு இல்ல, தப்பு என்னுது, நான் ஒரு கோடு. கோடு என்றால் அவனுக்கு என்ன புரியும்? நாங்கள் ஒரு வரைபடம். வரைபடம் என்று ஆரம்பிக்கக் கூடாது. பாலம் என்று ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் அவன் வாய்க்கு நன்றாக இருந்தது, அதனாலேயே எதுவும் சரியில்லை. இவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடப்பதைக்கூட ஒரு பிராயச்சித்தமாகக் கணக்கில் எழுதிக்கொள்ளப் பார்க்கிற மனசை என்ன செய்வது?

டில்லிபாபு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். இருபத்தெட்டு வயசிருக்கும், சவரம் செய்து நாளாகியிருந்தது. அம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ஜுரம் அடிக்குது" என்றான். பிறகு சபாபதியைப் பார்த்து, "யாரும்மா?" என்றான். "பாலம் கீதுன்னு எழுதுனவரு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்துகிறாரு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். சபாபதி சொன்னான். அடுக்கி வைத்தது எதுவும் வரவில்லை, துண்டு துண்டாக, பல்வலியைக்கூட விடாமல், அதை ஏன் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னான். பாலம் என்று நான் தப்பாகப் போட்டதால்தான் இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வரவில்லை, தப்பு உங்களுடையது இல்லை. டில்லிபாபு குறுக்கே பேசாமல் கேட்டான். கோபம் வருகிறதா என்று சபாபதி அந்த முகத்தில் தேடினான். வரவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது.

"சார், நான் நடுவுல உக்காராம நேராப் போயிருந்தா அவ பொழைச்சிருப்பாளா?"

"பாலம் இருந்திருந்தா" என்று சபாபதி ஆரம்பித்தான்.

"நான் பாலத்தைக் கேக்கல சார்." குரல் உயரவே இல்லை. "நான் உக்காராம போயிருந்தான்னு கேக்கறேன்."

ஜெகதாம்பாள் ஈரத்துணியோடு சபாபதியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று ஒரு சொல் போதும் அவளுக்கு. அதை அவன் நாக்கில் வைத்துக்கொண்டிருந்தான். பதினோரு நிமிடத்தில் தான் நின்றதைக் கழித்தது நினைவுக்கு வந்தது, கழித்தால் ஒன்பது.

"தெரியலப்பா" என்றான்.

டில்லிபாபு தலையை ஆட்டினான், அது மட்டும்தான் தனக்கும் தெரியும் என்பது போல. குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது. அவன் எழுந்து அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கும் சுவருக்கும் நடக்க ஆரம்பித்தான், நாலு அடி போக, நாலு அடி வர. ஜெகதாம்பாள் துணியை மகனிடம் நீட்டிவிட்டு, சபாபதியைப் பார்க்காமலே, "போயிட்டு வாங்க சார்" என்றாள். எந்த வழியாக என்று அவள் சொல்லவில்லை.